வாசல் மேசை

எங்கள் கடைக்கு வருஷப் பிறப்பு ஜனவரியிலும் இல்லை, சித்திரையிலும் இல்லை. மே கடைசியில் ஒரு நாள் விடிகாலை, சிவகாசி நோட்டுக் கட்டுகளோடு குட்டியானை ஒன்று பின்பக்கமாகவே சந்துக்குள் வந்து நிற்கும். டிரைவர் ஹாரனை ரெண்டு தட்டு தட்டுவார். எதிர் வீட்டுப் பாட்டி கோலத்தைக் காப்பாற்ற ஓடி வருவார். அன்றுதான் எங்களுக்குப் புது வருஷம்.

பழைய வண்ணாரப்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் நடுவில், எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது கடை. எட்டடி அகலம், பதினாறடி நீளம். மூன்று சுவரிலும் அலமாரி. வாசலை ஒட்டி ஒரு பழைய தேக்கு மேசை. அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்பது எனக்கும் இன்னும் ஓர் இருபது பேருக்கும்தான் தெரியும். சந்தில் போகிறவர்களுக்கு மேசையில் எது இருக்கிறதோ அதுதான் கடை. ஜூனில் இது நோட்டுக் கடை. மார்ச்சில் கைடு கடை. டிசம்பரில் காலண்டர் கடை. புத்தகக் கடையாக இருப்பது வருஷத்தில் இரண்டு மாதம்தான். அது எந்த இரண்டு மாதம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

மேசை அப்பாவுடையது. மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் கட்டுப் பிரிக்கும் பையனாகச் சேர்ந்து, பிறகு விற்கும் வேலைக்கு உயர்ந்தவர். 1985 மே 30 அன்று மார்க்கெட் எரிந்தது. கூட இருந்தவர்கள் சிலர் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அப்பா வடக்கே வந்து இந்தச் சந்தைப் பிடித்தார். கடைசிவரை கடைக்குள் ஊதுவத்தி ஏற்ற விட்டதில்லை. சாமி படத்துக்குப் பூ மட்டும்தான். அவருக்குத் தீ என்றால் பயம். எனக்குத் தண்ணீர்.

ஜூன் மாதத்தை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் இது ஏன் நோட்டுக் கடை என்று புரியும். பள்ளிக்கூடம் கொடுத்த சீட்டை நீட்டியபடி அம்மாக்கள் நாலு வரிசையில் நிற்பார்கள். நாலு கோடு ஆறு, ரெண்டு கோடு நாலு, கட்டம் போட்டது ரெண்டு, கோடு போடாதது ஒன்று, லாங் சைஸ் 192 பக்கம் எட்டு. ஒரு பள்ளிக்கூடத்தின் சீட்டு இன்னொன்றைப் போல இருக்காது. ஒரு டஜனுக்கு மேல் வாங்கினால் அட்டை போட்டுத் தருவது அப்பா காலத்து வழக்கம். பிரவுன் ஷீட்டை விரித்து, நோட்டைத் திறந்து நடுவில் கவிழ்த்து வைத்து, முதுகுக்கு நேராக மேலேயும் கீழேயும் சாய்வாக ரெண்டு நறுக்கு. நாக்கு மாதிரித் தொங்கும் துண்டை உள்பக்கம் மடித்துவிட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சொருகினால் முடிந்தது. செலோ டேப் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஆகஸ்டுக்குள் மஞ்சள் பூத்து, அட்டையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். இதை நான் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகச் செய்வேன். வேறு எதிலும் எனக்கு இவ்வளவு கர்வம் இல்லை.

லேபிளும் ஒட்டித் தருவேன். சில அம்மாக்கள், "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா, பேரையும் நீயே எழுதிக் குடுத்துடு" என்பார்கள். எழுதிக் கொடுத்துவிடுவேன். ஏன் என்று கேட்டதில்லை.

நோட்டுக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. அச்சான புத்தகத்துக்கு வரியே கிடையாது. எழுதின காகிதத்துக்கு வரி இல்லை, எழுதாத காகிதத்துக்கு வரி என்று கடையில் சொல்லிச் சிரிப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு வரியையும் எடுத்துவிட்டார்கள். சிரிப்பதற்கு ஒரு விஷயம் குறைந்தது, அவ்வளவுதான்.

நோட்டு ஓய்ந்தால் கைடு. "கோனார் வந்துச்சாக்கா?" என்ற கேள்வி ஜூலை முழுக்கக் கேட்கும். இந்த வியாபாரத்தில் வெளியே தெரியாத ஒரு ஆபத்து உண்டு. 2018-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் பாடத்திட்டம் மாறியது. மறு வருஷம் 10, 12. மாறப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்தான். ஆனாலும் பழைய கைடு ஒரு நூற்றுச் சொச்சம் என்னிடம் தங்கிவிட்டது. கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். தராசில் ஏறும்போது அட்டையெல்லாம் புத்தம் புதிதாகப் பளபளத்தது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு 2017-18-ல் வந்தது, 2025-26-ல் போய்விட்டது. பிள்ளைகளுக்கு நல்லதுதான். எனக்கு ஒரு அலமாரித் தட்டு காலி.

ஒருமுறை நகரின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு எழுத்தாள நண்பர் வந்தார். வாசலில் கைடுக் குவியலைப் பார்த்துவிட்டு, "ஓ, கைடு கடையா?" என்றார். உள்ளே வந்து அலமாரியில் தன் புத்தகத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அவரிடம் சொல்லாத கணக்கை இங்கே சொல்கிறேன். நூறு ரூபாய்க் கவிதைத் தொகுப்புக்கு எனக்கு 30 ரூபாய் கழிவு. வாங்குகிறவர் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வார். மிச்சம் 20. அந்தத் தொகுப்பு அலமாரியில் மூன்று வருஷம் நின்றிருக்கும். மூன்று வருஷம் ஒரு புத்தகத்தை நிற்க வைக்கும் வாடகையை யார் தருகிறார்கள்? நாலு கோடு நோட்டு தருகிறது. அதனால் கைடு கடை என்றால் எனக்கு இப்போது கோபம் வருவதில்லை. முன்பு வந்தது. கைடை உள்ளே ஒளித்து வைத்துவிட்டு, மேசையில் நாவல்களைப் பரப்பி ஒரு ஜூன் மாதத்தையே வீணாக்கியிருக்கிறேன்.

ஆடியில் வியாபாரம் மந்தம். தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி, கூழ், வேப்பிலை. மேசையில் அம்மன் தாலாட்டு, கவசம், போற்றி என்று சின்னச் சின்னப் புத்தகங்கள். நடுவில் ரெண்டு பின் அடித்தவை. கடல் இங்கிருந்து நடந்து போகிற தூரம். உப்புக் காற்றில் அந்தப் பின் ஒரே வருஷத்தில் துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் இரண்டு பழுப்புப் பொட்டு வைத்துவிடும். கடலோரத்தில் நின்ற சரக்கு எது என்று அந்தப் பொட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போதாவது பரவாயில்லை. 2011-ல் நீதிமன்ற உத்தரவால் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும்வரை, ராயபுரத்துப் பக்கம் வெள்ளை அட்டைப் புத்தகம் வாங்கி வைப்பதே வீண். காலையில் துடைத்தால் மத்தியானம் விரல் பதியும். அப்பா அப்படிப்பட்ட புத்தகங்களுக்குப் பாலிதீன் உறை போட்டு வைத்து, "இதுங்க மாமியார் வீட்டுக்கு வந்த பொண்ணு மாதிரி" என்பார்.

ஆடி பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். ஊரெல்லாம் நடப்பு வருஷத்தில் பாதியைத் தாண்டிக்கொண்டிருக்க, நான் அடுத்த பொங்கல் என்ன கிழமை என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் விஜயதசமி. அன்று ஒரு நாள் மட்டும் சிலேட்டு, பலப்பம், அரிச்சுவடி, வாய்ப்பாடு. மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

தீபாவளி மாதம் என் மேசையே என்னுடையது இல்லை. எம்.சி. ரோட்டின் துணிக் கூட்டம் சந்துக்குள்ளும் வழிந்து வரும். நைட்டி விற்கிற அக்கா ஒருவர் வருஷா வருஷம் என் வாசலில் கடை விரிப்பார். முதல் வருஷம் சண்டை போட்டேன். இரண்டாம் வருஷம் மேசையையே கொடுத்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் புத்தகம் கேட்டு யாரும் வரப்போவதில்லை. அவர் எனக்கு டீ வாங்கித் தருவார், நான் அவருடைய கல்லாப் பையைப் பார்த்துக்கொள்வேன். ஒரு தடவை யாரோ நைட்டியைப் பேரம் பேசிக்கொண்டே தலையை நீட்டித் தீபாவளி மலர் கேட்டார். எங்களுக்கே ஆச்சரியம்.

அப்புறம் மழை.

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் முதல் கேள்வி, கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்பதுதான். நின்றால் வியாசர்பாடிப் பிள்ளைகள் இந்தப் பக்கம் வரமாட்டார்கள். புத்தகமும் ஈரத்தை உணரும். அலமாரியில் இழுத்தால் வராது, உப்பியிருக்கும். ராமபாணப் பூச்சி கிளம்பும். வசம்பு, நாப்தலின் உருண்டை, காய்ந்த வேப்பிலை எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. தினமும் புரட்டுவதுதான் மருந்து. பூச்சிக்கு ஆள் நடமாட்டம் பிடிக்காது.

2023 டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. நாலாம் தேதி காலை சந்தில் முழங்கால் தண்ணீர். ஷட்டரைத் தூக்கியபோது கடைக்குள் கணுக்காலுக்கு மேலே. 2015-க்குப் பிறகு அடித்தட்டைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தியிருந்தேன். தண்ணீர் அதற்கு மேல் நாலு விரல் வந்திருந்தது. அடித்தட்டில் நான் வைத்திருந்தது எதை என்று நினைக்கிறீர்கள்? விற்காததை. அதாவது, எனக்குப் பிடித்ததை.

நூற்று நாற்பது புத்தகம் நனைந்திருந்தது. கரண்ட் இல்லை, ஆகையால் மின்விசிறியும் இல்லை. நனைந்த புத்தகத்தை உடனே விரித்துப் பிரிக்கக் கூடாது, கிழிந்துவிடும். செங்குத்தாக நிறுத்தி, லேசாக விசிறி மாதிரி விரியவிட்டு, இருபது முப்பது பக்கத்துக்கு ஒருமுறை பழைய செய்தித்தாளை வைத்து, அது ஊறியதும் மாற்ற வேண்டும். மூன்று நாள் மாடிப்படி முழுக்கப் புத்தகங்கள் நின்றன. அப்போதுதான் எந்தப் புத்தகம் எப்படிச் செய்யப்பட்டது என்பதை முதல்முறையாகப் பார்த்தேன். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சானவை ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் ஆகிவிட்டன. அவற்றுக்கு வைத்தியமே இல்லை. வெறும் பசை போட்டு ஒட்டியவை உதிர்ந்தன. நூல் போட்டுத் தைத்த பழைய காலிகோ அட்டைப் புத்தகங்கள் மட்டும் உப்பி, கறை பிடித்து, ஆனால் ஒரு தாள்கூடக் கழலாமல் நின்றன. அப்பா மூர் மார்க்கெட்டில் வாங்கிய சிலவும் அதில் இருந்தன.

காசிமேட்டிலிருந்து வரும் ஒரு விசைப்படகு டிரைவர் அண்ணன் அன்றைக்கு எட்டிப் பார்த்தார். "ஐஸ் கம்பெனில வெச்சுடலாமா தங்கச்சி? மீனு கெடாம இருக்குதுல்ல, புக்கு மட்டும் கெட்டுடுமா?" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. புத்தகத்தில் வஞ்சிர வாசம் அடிக்கும் என்றேன். பிறகு ஒருநாள்தான் படித்தேன். பெரிய நூலகங்கள் வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களை உண்மையிலேயே உறைய வைக்கின்றனவாம். உறைந்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது, நிதானமாகக் காய வைத்துக்கொள்ளலாம். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு நினைவே இல்லை.

அதே மாதம் எர்ணாவூரிலிருந்து ஒரு பத்தாம் வகுப்புப் பையன் அறிவியல் கைடு கேட்டு வந்தான். பழையதைக் கையோடு கொண்டுவந்திருந்தான். அதில் இருந்தது தண்ணீர்க் கறை இல்லை, எண்ணெய்க் கறை. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீட்டுக்குள் வந்திருந்தது. கைடைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தேன். நனைந்த புத்தகத்தைக் காய வைக்கலாம். எண்ணெயை என்ன செய்வது?

ராயபுரத்துக்குப் பெயர் தந்ததே ராயப்பர், அதாவது பேதுருவின் தேவாலயம். டிசம்பரில் மேசையில் வேதாகமமும் வசன அட்டைகளும் வந்துவிடும். ஒரு பக்கம் திருப்பாவைச் சின்னப் புத்தகம். இந்த இரண்டும் எனக்கு எப்போதும் கைகொடுக்கும். பண்டிகை தவறுவதில்லை.

ஜனவரி புத்தகக் கண்காட்சியைப் பற்றிப் பேசினால் எனக்கு நியாயமாகப் பேச வராது. 1977-ல் அண்ணா சாலையில் மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் தொடங்கிய விஷயம், இன்று நந்தனத்தில் மைதானத்தையே அடைக்கிறது. தமிழில் படிக்கிறவர்களுக்கு அதுதான் திருவிழா. ஆனால் முன்னே சொன்ன என் இருபது பேரும் கார்த்திகையிலேயே புத்தகம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அங்கே பத்து சதவீதம் தள்ளுபடி, எழுத்தாளர் கையெழுத்து, மிளகாய் பஜ்ஜி. என் சந்தில் என்ன இருக்கிறது? நானும் போவேன். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் நந்தனம். ஒரு வருஷம் அரங்கு ஒன்றில் நின்று திரும்பினால், என்னிடம் மாதாமாதம் வாங்கும் ஓய்வுபெற்ற ரயில்வே சார் ஒருவர், இரண்டு பை நிறையப் புத்தகத்தோடு நிற்கிறார். பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சும்மா பாக்க வந்தேம்மா" என்றார். என் கையிலும் இரண்டு பை. நான் மறைக்கவில்லை.

தைப்பூசத்துக்கு ஏழுகிணற்றிலிருந்து ஆட்கள் வந்து அருட்பா கேட்பார்கள். வள்ளலார் அங்கே வீராசாமி தெருவில் வாழ்ந்து, திருவொற்றியூருக்கு நடந்தே போய் வந்தவர். நம்ம ஊர்ப் புத்தகம் என்ற தோரணையில் கேட்பார்கள். விலை பேச மாட்டார்கள்.

பிப்ரவரி, மார்ச் பரீட்சை. மாதிரி வினாத்தாள், பரீட்சை அட்டை, நீலப் பேனா. பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஏப்ரல் 14 அன்று மேசையை இரண்டாகப் பிரிப்பேன். இடது பக்கம் புது வருஷப் பஞ்சாங்கம், வலது பக்கம் அம்பேத்கர். நடுவில் ஒரு மர ஸ்கேல். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பையன்கள் மாலையோடு சிலைக்குப் போகிற வழியில் நோட்டும் பேனாவும் மொத்தமாக வாங்குவார்கள், தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்க. ராசிபலன் பார்க்க வந்த மாமா ஒருவர் வலது பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து நின்றபடியே பத்து நிமிஷம் படித்துவிட்டு, வாங்காமல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து வாங்கினார். பஞ்சாங்கத்தையும் சேர்த்துத்தான்.

அந்த மறுநாள், ஏப்ரல் 15. நான் சொன்ன இரண்டு மாதம் அன்று தொடங்குகிறது. மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகெல்லாம் கரையில். காசிமேட்டில் வலை பின்னுவதும், படகுக்கு வர்ணம் அடிப்பதும், எஞ்சின் பிரிப்பதும் போக, ஆண்களுக்கு நேரம் மிச்சம். பிள்ளைகளுக்கும் பரீட்சை முடிந்திருக்கும். வெயிலில் வேறு எங்கும் போக முடியாது. கைடை எடுத்து உள்ளே வைத்துவிட்டு நாவல்களை மேசையில் பரப்புகிறேன். இந்த ஊரில் கதை படிக்கிற பருவம் இதுதான்.

ஐஸ் கம்பெனி யோசனை சொன்ன டிரைவர் அண்ணன் முதல் ஆளாக வருவார். பல வருஷம் பாக்கெட் நாவல் மட்டும்தான் படித்தார். பத்து நாள் கடலில் இருக்கும்போது அதுதான் வசதி, நனைந்தால் தூக்கிப் போட்டுவிடலாம் என்பார். 2022-ல் அந்தச் சோழர் கதை படமாக வந்ததும், ஐந்து பாகமும் என் கடையில் ஒரே மாதத்தில் தீர்ந்தன. அவர் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "கப்பல் சீன் சரியில்ல தங்கச்சி. அலை அப்படி வராது. புக்குல எப்படிப் போட்டிருக்கான்?" என்று கேட்டார். அடுத்த தடைக்காலத்தில் முதல் பாகத்தை எடுத்துப் போனார். கடல் வரும் பக்கங்களுக்கு மட்டும் ஓரத்தில் பென்சிலால் டிக் போடுவார், கேள்விக்குறி போடுவார். ஒரு இடத்தில் "காத்து தப்பு" என்று எழுதியிருந்தார். நான் அவரைப் போல எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை.

அவரால் எனக்கு வந்த வாடிக்கையாளர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர். மே தினத்துக்கு ஒருவர் வந்து சிங்காரவேலர் பற்றி எதுவாவது இருக்கிறதா என்றார். 1923-ல் இந்தியாவிலேயே முதல் மே தினத்தை நடத்தியவர் எங்க ஆளு, அவர் வீட்டில் எத்தனை புத்தகம் இருந்தது தெரியுமா என்று என்னிடமே கேட்டார். தெரியாது என்றேன். "உன் கடைய விட அதிகம்" என்றார்.

போன ஜூன் பதினாலாம் தேதி. மேசையில் நோட்டுக் கட்டு ஏறிவிட்டது, நாவல்கள் எல்லாம் அலமாரிக்குத் திரும்பியாயிற்று. நாலு கோடு நோட்டில் விலை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். மணி ஒன்பது இருக்கும். நடுராத்திரிக்குப் படகுகள் கிளம்ப வேண்டும். ஐஸ் ஏற்றிய கை ஈரத்தோடு டிரைவர் அண்ணன் வந்து நின்றார். நான்காம் பாகம் முடிந்துவிட்டது, ஐந்தாவது வேண்டும். உள்ளே போய் எடுத்து வந்தேன். அதை நல்ல கெட்டிப் பாலிதீனில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டேன்.

"இத தூக்கிப் போட முடியாதே, என்ன பண்றது?" என்றார்.

"நனைஞ்சா ஐஸ்ல வைங்க" என்றேன்.

பின்னால் நின்ற அம்மா ஒருவர் சீட்டை நீட்டினார். ரெண்டு கோடு நாலு, கட்டம் போட்டது ரெண்டு.